புகை வராத வீடு

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் தூலியோ சட்டைமேல் ஸ்வெட்டரை மாட்டி, ஸ்வெட்டர்மேல் கோட்டை மாட்டி, காதுவரைக்கும் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. வெளியே பனி கொட்டத் தயாராக நின்றது. வீட்டுக்குள் இருபத்தைந்து டிகிரி.

"அணைச்சுட்டியா?" என்று போகிற போக்கில் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"பொத்தானை அமுக்கிட்டேன். அது உன்ன மாதிரிதான். அடங்குன்னா உடனே அடங்காது. பத்து நிமிஷம் புலம்பிட்டுத்தான் அடங்கும்," என்றாள் ஜெர்மானா. கையிலிருந்த உருளைக்கிழங்கிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

வாசலில் பக்கத்து வீட்டு ஒனோரினா நின்றிருந்தாள். கையில் பார்லி சூப் சட்டி. பின்னால் ஒரு தள்ளுவண்டி நிறைய விறகு.

"விறகெல்லாம் நனைஞ்சு போச்சுன்னு நேத்து வேலிகிட்ட சொன்னியே. எனக்குச் சாப்பாடே இறங்கல, தூலியோ. மூணு நாளா உன் கூரையில புகையக் காணோம். இந்தா, நல்லாக் காஞ்ச காட்டு மரம். தீக்குச்சியக் காட்டினாப் போதும்."

"ஐயோ, எதுக்கு உனக்குச் சிரமம். நான் சமாளிச்சுக்குவேன்."

"எங்க சமாளிக்கிற? வீட்டுக்குள்ளயே கோட்டும் தொப்பியுமா நிக்கிற. முகமெல்லாம் வேர்த்திருக்கு. காய்ச்சல் வேறயா?"

தூலியோ கோட்டுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒனோரினா விறகை வாசற்படி ஓரம் தானே சரித்துக் கொட்டினாள். போகும்போது, "இன்னும் ரெண்டு வண்டி இருக்கு. கொண்டாந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, அவர் வேண்டாம் என்பதற்குள் வேலியைத் தாண்டிவிட்டாள்.

தூலியோவின் விறகு நனையவில்லை. கொட்டகையில் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. அதை அவர் எரிக்கவில்லை, அவ்வளவுதான். ஏன் எரிக்கவில்லை என்பதுதான் ஊருக்குத் தெரியக் கூடாத விஷயம். கூடத்தின் மூலையில், மேசைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு, மேலே ஒரு பூச்சாடியைச் சுமந்துகொண்டு நின்றது, விறகுக்குப் பதில் மரத்தூள் உருண்டைகளை எரிக்கும் புத்தம் புது பெல்லட் அடுப்பு.

பிரதால்தோ என்ற இந்த இத்தாலிய மலையூரில் பழைய சட்டம் ஒன்று உண்டு. எந்தக் கூரையில் புகை வருகிறதோ, அதுதான் வீடு. ஊரின் கூட்டுக்காட்டில் வெட்டுகிற மரத்தில் அந்த வீட்டுக்கு ஒரு பங்கு. கூட்டத்தில் அந்த வீட்டுக்கு ஓர் ஓட்டு. பங்கு விறகை விற்கக் கூடாது. ஊரைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. எரிக்காமல் மக்கவிட்டால் அடுத்த வருஷப் பங்கு கிடையாது. கஷ்டப்படுகிற உள்ளூர் வீட்டுக்குச் சும்மா கொடுக்கலாம், அது ஒன்றுதான் விலக்கு.

இந்தச் சட்டத்தைத் தூலியோவைப் போலக் கட்டிக்கொண்டு அழுதவர் ஊரில் வேறு யாரும் இல்லை. வருஷாவருஷம் பெல்லட் விலை ஏறுகிறபோதெல்லாம் மதுக்கடையில் மேசையைத் தட்டிப் பேசுவார். "ஆஸ்திரியாக்காரன் மரத்தூளை அமுக்கி உருட்டி மூட்டை கட்டி நம்ம தலையில கட்டுறான். பாத்தா கோழித்தீவனம் மாதிரி இருக்கு. போன வருஷம் ஒரு விலை, இந்த வருஷம் ரெண்டு பங்கு விலை. காடு நம்ம வீட்டுப் பின்னால இருக்கு, நாம கடைக்குப் போய் மூட்டை தூக்கணுமா? அதை எரிக்கிறவன் ஆம்பளையா?" கடையில் இருப்பவர்கள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

அப்படிப்பட்டவர் இந்த வருஷம் காட்டுத் தலைவர் தேர்தலுக்கு நிற்கிறார். மூன்று தடவை நின்று மூன்று தடவையும் மண்ணைக் கவ்வியவர். இந்தத் தடவை போட்டிக்கே ஆளில்லை. புனித மார்ட்டின் திருநாளன்று கூட்டம். கை தூக்கினால் முடிந்தது. அந்தப் பதவிக்காக அவர் ஏங்கிய ஏக்கம் ஜெர்மானாவுக்குத்தான் தெரியும். தூக்கத்தில்கூட மரத்துக்கு நம்பர் போடுவார்.

எல்லாம் செப்டம்பரில் கெட்டது. விறகு அடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. எட்டு நாள் தரையைப் பார்த்தபடியே நடந்தார். அப்போது ஜெர்மானா தீர்ப்புச் சொன்னாள்.

"முப்பது வருஷமா உன் விறகு, உன் சாம்பல், உன் முதுகு. போதும். ஒண்ணு இந்த வீட்டுக்கு பெல்லட் அடுப்பு வரணும், இல்ல நான் ரொவெரேத்தோல என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அங்க பொத்தானை அமுக்கினா சூடு வருது."

ட்ரெண்டோவிலிருந்து அடுப்பு வந்தது, கம்பளி சுற்றி, அலமாரி என்ற பெயரில். இருபது மூட்டை பெல்லட்டும் அதே கம்பளிக்குள் வந்தது. தூலியோ முதல் நாள் முழுக்க அதோடு பேசவில்லை. இரண்டாம் நாள் வெறும் சட்டையோடு அதன் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு பிடி பெல்லட்டைத் தண்ணீர் டம்ளரில் போட்டு, மூழ்குகிறதா மிதக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "மூழ்கினா நல்ல சரக்கு, தெரியுமா?" என்று மனைவிக்கே பாடம் எடுத்தார்.

'புகையே வராது சார், அதுதான் இதோட பெருமை' என்று கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது தூலியோவும் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். முதல் குளிரில் அடுப்பைப் போட்டுவிட்டுத் தெருவில் நின்று தன் கூரையை அண்ணாந்து பார்த்தபோதுதான், புகை இல்லாவிட்டால் ஊர்க்கணக்கில் வீடும் இல்லை, ஓட்டும் இல்லை என்று அவருக்கு உறைத்தது.

ஒனோரினா வந்துபோன மறுநாள் காலை இலாரியோ டிராக்டரோடு வந்தார். தூலியோவோடு ஒரே பெஞ்சில் படித்தவர், ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவர். டிராக்டருக்குப் பின்னால் பெட்டி நிறைய விறகு.

"டேய் தூலியோ, விறகு நனைஞ்சிடுச்சாமே. என்கிட்ட சொல்ல உனக்கென்னடா வெக்கம்?"

"ஒண்ணும் பெரிசா இல்லடா. ரெண்டு கட்டை இறக்கு, போதும்."

"ரெண்டு கட்டையா? முழுசா வச்சுக்க. சாயங்காலம் இன்னொரு பெட்டி வருது."

"அப்ப உனக்கு?"

இலாரியோ எதிர் மலையைப் பார்த்தார். "எனக்கென்ன. பாத்துக்கலாம். மேல மூடுற தகரத்தையும் கொண்டாரேன், அது எனக்கு இனிமே தேவையில்ல."

தகரமுமா என்று தூலியோ நெகிழ்ந்துபோனார். இந்த ஆளைப் பற்றி எத்தனை தடவை கஞ்சன் என்று சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

இப்படியே விட்டால் சரிப்படாது என்று அன்று மதியம் அவர் கதையை மாற்றினார். விறகு நனையவில்லை, முதுகு பிடித்துக்கொண்டதால் தூக்கிவந்து எரிக்க முடியவில்லை, ஆகவே விறகு வேண்டாம் என்று ஒனோரினாவிடம் சொன்னார். ஒனோரினாவிடம் சொன்னால் கோயில் மணி அடித்த மாதிரி. சாயங்காலத்துக்குள் நாலு பேர் கோடாலியோடு வந்துவிட்டார்கள்.

"தூக்கறதுதானே கஷ்டம்? நாங்க வாசல் வரைக்கும் அடுக்கித் தர்றோம். நீ உக்காந்த இடத்துல கைய நீட்டினாப் போதும்." வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கு ஒரு வண்டி விறகு.

"உன்ன எங்களால கைவிட முடியுமா?" என்றார் ஒருவர். கண்ணில் ஒரு பளபளப்பு. இன்னொருவர், "இலாரியோ ரெண்டு பெட்டி குடுத்திட்டானாமே. எங்களுக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்," என்று முணுமுணுத்தார்.

தூலியோ மறுபடி கதையை மாற்றினார். குளிரில் இருந்தால் ரத்த ஓட்டம் நல்லதென்று டாக்டர் சொன்னாராம். வேண்டுமென்றே எரிக்காமல் இருக்கிறாராம். இதற்குப் பலன், மறுநாள் ஊர்க் கோயில் சாமியார் தோன் ரெமோ வந்து கூடத்தில் உட்கார்ந்ததுதான்.

அவர் திடுதிப்பென்று வந்ததால் அடுப்பை அணைக்க முடிந்ததே தவிர ஆற வைக்க முடியவில்லை. மேசைவிரிப்புக்கு அடியில் விசிறி 'ஹோ'வென்று இரைந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் சாமியார்.

"பிரிட்ஜ்," என்றாள் ஜெர்மானா.

"துணி துவைக்கிற மெஷின்," என்றார் தூலியோ அதே நேரத்தில்.

சாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் சத்தம் வந்த பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். "மகனே, கஷ்டத்த மறைக்கிறதுகூட ஒரு வகைக் கர்வம்தான். புனித மார்ட்டின் தன் போர்வையில பாதியக் கிழிச்சு ஏழைக்குக் குடுத்தாரு. வாங்கிக்கிட்டவன் வேணாம்னு சொல்லியிருந்தா அவரு புனிதராகியிருக்க முடியுமா?"

"முடியாதுதான், சாமி."

"அதனால கோயில் விறகு எல்லாத்தையும் உனக்கே அனுப்பிவைக்கிறேன்."

"எல்லாத்தையுமா? நீங்க குளிர்ல என்ன பண்ணுவீங்க?"

"கர்த்தர் வழி காட்டுவாரு," என்றார் சாமியார். வெகுநேரம் உட்கார்ந்திருந்து, மனமில்லாமல் எழுந்து போனார்.

ஜெர்மானா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இப்பவாவது உண்மையச் சொல்லித் தொலை."

"அஞ்சு நாள் பொறு. தேர்தல் முடியட்டும். அதுவரைக்கும் நம்ம கூரையில புகை வரணும், அவ்வளவுதானே? நான் வர வைக்கிறேன்."

பழைய கணப்பை அடைத்து அதன் வழியாகத்தான் பெல்லட் குழாயை ஏற்றியிருந்தார்கள். அங்கே விறகு எரிக்க வழியில்லை. ஆனால் பரணில், புகைபோக்கி கூரைக்குப் போகிற இடத்தில், கரி சுரண்டுவதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு. தூலியோ ஒரு இரும்பு வாளியில் ஈர வைக்கோலைப் போட்டு, பற்ற வைக்க ஒரு உடைந்த நாற்காலிக் காலையும் சேர்த்து, வாளியை அந்தக் கதவுக்கு நேரே வைத்துக் கொளுத்தினார்.

புகை வந்தது. கூரைக்கு மேலே கொஞ்சம், பரணுக்குள்ளே மிச்சம். ஓட்டு இடுக்கு, ஜன்னல், படிக்கட்டு என்று கண்ட வழியில் எல்லாம் வந்தது. தூலியோ இருமிக்கொண்டே கீழே இறங்குவதற்குள் ஊர்ச் சங்கு ஊதிவிட்டது. இலாரியோவின் படை குழாயோடு வந்து, வாளியை நனைத்து, பரணை நனைத்து, படுக்கையறையையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

இலாரியோ கையில் பாதி எரிந்த நாற்காலிக் காலோடு இறங்கி வந்தார். படை முழுக்க அதைப் பார்த்து மௌனமாகத் தொப்பியைக் கழற்றியது.

"நாற்காலிய எரிக்கிற நிலைமைக்கு வந்துட்டியாடா," என்றார்.

"அது ஏற்கெனவே உடைஞ்ச நாற்காலிடா."

"சொல்லாத. ஒண்ணும் சொல்லாத." இலாரியோ தள்ளாடியவர் போல மூலையில் விரிப்புப் போர்த்தி நின்ற 'மேசை'மேல் கையை ஊன்றினார். ஊன்றிய வேகத்தில் எடுத்தார். உள்ளங்கையைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், பூச்சாடியைப் பார்த்தார்.

"நல்ல மேசை," என்று சொல்லிவிட்டு இலாரியோ படையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நல்ல காலம், இவன் பள்ளிக்கூடத்திலிருந்தே மந்தம்தான் என்று தூலியோ பெருமூச்சு விட்டார்.

அதன்பிறகு விறகு அடைமழைதான். நாற்காலி எரிக்கிற வீடென்று பேர் வந்தபின் சும்மா இருக்க யாருக்கு மனசு வரும். விடிந்தால் வண்டி, மதியம் டிராக்டர். கொட்டகை நிரம்பியது, முற்றம் நிரம்பியது, கோழிக்கூடு மறைந்தது. வாசலுக்கு வர ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்குத்தான் வழி. தூலியோ இரண்டு வீடுகளுக்குப் போய், திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சியும் பார்த்தார். "குடுத்தத வாங்குறதா? எங்க மானம் என்னாகறது?" என்று கதவை அறைந்து சாத்தினார்கள்.

இதற்கு நடுவில் பெல்லட் தீரப்போகிறது. ஆயிரம் கட்டை விறகுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு தூலியோ ஒரு மூட்டை பெல்லட்டுக்காகத் தவித்தார். டவுன் கடை லாரிக்காரருக்கு ரகசியமாகப் போன் போட்டார்.

"மார்ட்டின் திருநாளன்னிக்கு மத்தியானம் வாப்பா. கூட்டம் நடக்கும். ஊரே மன்றத்துல இருக்கும், தெருவுல ஈ காக்கா இருக்காது. வீட்டுக்குப் பின்பக்கமா இறக்கிட்டுப் போயிடு."

"பிரதால்தோவா?" லாரிக்காரர் எதையோ யோசிக்கிற மாதிரி நிறுத்தினார். பிறகு சிரித்தார். "சரிங்க, எனக்கும் அந்த நேரம்தான் வசதி."

திருநாளன்று காலை தூலியோ முற்றத்தில் நின்று விறகைப் பார்த்தார். யார் யார் அடுக்கு என்று பார்த்தவுடன் தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தது ஒனோரினாவுடையது. ஒரே நீளத்துக்கு அறுத்தது இலாரியோ. பட்டை மேலே பார்க்கிற மாதிரி வைத்தது கோயில் விறகு. ஒவ்வொன்றும் ஒரு வருஷ உழைப்பு. இந்தக் குளிர்காலத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள். அவருக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இந்த ஜனங்க முகத்துல முழிக்க எனக்கு யோக்யதை இல்ல, ஜெர்மானா," என்றார் உள்ளே வந்து. "நான் சொல்லிடறேன். எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். தலைவர் பதவியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

ஜெர்மானா உருளைக்கிழங்கை வைத்துவிட்டு எழுந்து வந்து அவர் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். அவள் அப்படிச் செய்து பல வருஷம் ஆகியிருந்தது.

மன்றம் நிரம்பியிருந்தது. சாமியார் முன்வரிசையில். இலாரியோ எழுந்து, "தலைவருக்குத் தூலியோ பேரு முன்மொழிஞ்சாச்சு. எல்லாரும் கைய..." என்று ஆரம்பித்தபோதே வெளியே ஒரு கனமான லாரி முனகிக்கொண்டு மேடேறி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

மன்றத்தில் ஒரு சலசலப்பு. தூலியோ கதவைத் திரும்பிப் பார்த்தார். பின்பக்கமா இறக்கிட்டுப் போடான்னா மன்ற வாசலுக்கா வந்து நிற்கிறான்? சரி, இதுவும் நல்லதுக்குத்தான் என்று எழுந்தார்.

"கை தூக்காதீங்க. நான் சொல்றதக் கேட்டுட்டுத் தூக்குங்க. வெளியில வந்திருக்கிறது பெல்லட் லாரி. அது என் லாரி."

தூலியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"என் விறகு நனையல. நான் குளிர்ல கிடக்கல. செப்டம்பர்லயே பெல்லட் அடுப்பு வாங்கிட்டேன். கோழித்தீவனம்னு உங்ககிட்ட எல்லாம் வாய் கிழியப் பேசிட்டு, வீட்டுக்குள்ள வெறும் சட்டையோட உக்காந்திருந்தேன். பதவி ஆசையில பொய் சொன்னேன். நீங்க உங்க வீட்டுச் சூட்டையே எடுத்துக் குடுத்தீங்க. நான் வாங்கி வச்சுக்கிட்டேன்." குரல் உடைந்தது. "இன்னிக்கே எல்லா விறகையும் அவங்கவங்க வீட்டுக் கொட்டகையில நானே திருப்பி அடுக்கிடறேன். முதுகு போனாலும் பரவாயில்ல."

திட்டுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் திட்டவில்லை. ஒனோரினா கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கோடாலியோடு வந்த நாலு பேரும் கூரையில் எதையோ எண்ணினார்கள். இலாரியோவின் காதுகள் சிவந்திருந்தன. சாமியார் கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டார். தூலியோவின் முகத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடுங்க. திருப்பி அடுக்க மட்டும் அனுமதி குடுங்க," என்றார் தூலியோ.

"அதெல்லாம் வேணாம்டா," என்றார் இலாரியோ அவசரமாக. "கொட்டகையில இடமில்ல. அதாவது, இருக்கு. ஆனா இல்ல."

அப்போது மன்றக் கதவைத் தள்ளிக்கொண்டு லாரிக்காரர் உள்ளே வந்தார். கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, அலுப்போடு சொன்னார்.

"'கூட்டம் நடக்கிறப்ப வாப்பா, தெருவுல யாரும் இருக்க மாட்டாங்க, விறகுக் கொட்டகையும் இப்பதான் ஒரு வழியாக் காலியாச்சு, இனிமேதான் புது அடுப்பப் பத்தவைக்கணும்'ன்னு வீட்டுக்கு வீடு போன் பண்ணிட்டு, இப்ப எல்லாருமா இங்க வந்து உக்காந்துகிட்டா நான் கொண்டாந்த பெல்லட்ட மொதல்ல எந்த வீட்டுல இறக்குறது, சாமி வீட்டுலயா?"